காய்ச்சல் படுக்கையில் தாய்: அழகம்மாள் வாழ்வும் இரமணர் பாடிய நான்கு செய்யுள்களும்

1914 ஆம் ஆண்டில் திருப்பதி யாத்திரையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் அழகம்மாள் திருவண்ணாமலையில் தங்கினார். மலைமேல் விரூபாட்ச குகையில் வாழ்ந்துவந்த தம் இரண்டாவது மகனைக் கண்டுவிட்டு மானாமதுரைக்குச் செல்வதே அவருடைய எண்ணம். வந்த இடத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்றிரண்டு நாளில் தணியும் காய்ச்சலாக அது இல்லை. வாரக் கணக்கில் நீடித்தது. நினைவு தடுமாறியது, பிதற்றல் தோன்றியது. வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் அதனை டைபாய்டின் குறிகள் கொண்ட காய்ச்சல் என்றே குறித்துள்ளனர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தம்மை விட்டுச் சென்ற மகனே அருகிருந்து அவரைப் பேணினார். அந்நாள்களில் அம்மகன் அருணாசலத்தை நோக்கி நான்கு செய்யுள்கள் பாடினார். அம்மையார் பிழைத்தார்.

இரமண மகரிஷியின் வரலாற்றில் ஓரிரு பத்திகளில் சொல்லி முடிக்கப்படும் நிகழ்ச்சி இது. நடப்பதை மாற்ற வேண்டி அவர் வேண்டுதல் செய்த ஒரே இடம் என்று அதனை வியந்து குறித்துவிட்டு வரலாற்றாசிரியர்கள் அப்பால் சென்றுவிடுகின்றனர். ஆனால் அழகம்மாளை மையமாக வைத்து அவர் வாழ்வை எழுதப் புகுவோர்க்கு இக்காய்ச்சலே நடுத்தூண். அதற்கு முன் அவர் மகனை மீட்க முயன்ற தாய். அதற்குப் பின் மகனிடம் அடைக்கலம் புகுந்தவர். இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நோயுற்ற ஒரு குழந்தையின் இடத்தில் அவர் கிடந்த சில வாரங்கள் உள்ளன.

இழப்புகளின் வரிசை

அழகம்மாள் மானாமதுரைக்கு அருகிலுள்ள பாசலை என்னும் ஊரினர். திருச்சுழியில் வழக்குரைத் தொழில் செய்த சுந்தரமையரை மணந்தார். நாகசாமி, வேங்கடராமன், நாகசுந்தரம் என்னும் மூன்று ஆண்மக்களும் அலமேலு என்னும் ஒரு பெண்ணும் பிறந்தனர். இரண்டாமவர் பிறந்தது 1879 டிசம்பர் 30. குடும்பத்தின் வழிபடு தெய்வம் திருப்பதி வேங்கடரமணர் ஆதலால் அப்பெயரே பிள்ளைக்கு இடப்பட்டது. 1914 இல் எந்தத் தெய்வத்தின் பெயரை மகனுக்கு வைத்தாரோ அந்தத் தெய்வத்தைக் கண்டு திரும்பும் வழியில்தான் அப்பெயரைத் துறந்த மகனிடம் அவர் நோயில் வீழ்ந்தார் என்பது எண்ணத்தக்கது.

1892 பிப்ரவரியில் சுந்தரமையர் காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிறிய தந்தை சுப்பையர் வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். அழகம்மாள் இளைய பிள்ளைகள் இருவரோடு மானாமதுரையில் மற்றொரு மைத்துனர் நெல்லையப்பையரின் ஆதரவில் வாழ்ந்தார். கைம்மை ஏற்ற தாய் ஒருவர் கண்பார்வையில் எல்லாப் பிள்ளைகளையும் வைத்துக்கொள்ள இயலாத நிலை அன்றைய நடுத்தரக் குடும்பங்களில் இயல்பாக நேர்வதே. எனினும், மகன் பதினாறாம் அகவையில் மதுரை வீட்டில் பெற்ற மரண அனுபவம், அதன்பின் அவர் போக்கில் தோன்றிய மாறுதல், பள்ளிப் பாடத்தில் வந்த வெறுப்பு ஆகிய எதனையும் அழகம்மாள் அருகிருந்து காணவில்லை. 1896 ஆகஸ்டு 29 அன்று அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, தேட வேண்டாம் என்னும் பொருள்படச் சிறு கடிதம் எழுதிவைத்துவிட்டு வேங்கடராமன் வெளியேறினார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார்.

இரண்டாண்டுக் காலம் தாய்க்குச் செய்தியில்லை. பின்னர் இருக்குமிடம் தெரிந்து நெல்லையப்பையர் சென்று அழைத்தும் பயன் விளையவில்லை. 1898 டிசம்பரில், அரசு அலுவலரான நாகசாமிக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை கிடைத்தபோது, அவரையும் அழைத்துக்கொண்டு அழகம்மாள் தாமே வந்தார். மகன் அப்போது பவழக்குன்றில் இருந்தார். சடைபற்றிய தலையும் அழுக்கேறிய உடலும் வளர்ந்த நகங்களுமாய் இருந்தவரைத் தாய் உடனே அடையாளம் கண்டார். நாள்தோறும் பலகாரம் கொண்டுசென்றார், மன்றாடினார், அழுதார். மகன் வாய்திறக்கவில்லை. அருகிலிருந்தோர் இரங்கி, எழுதியேனும் விடை கூறுமாறு வேண்ட, அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவரவர் ஊழின்படி அதற்குரியவன் ஆட்டுவிப்பான், நடவாதது முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நில்லாது, ஆகவே மௌனமே நன்று என்பது அதன் சாரம். தம் தாய்க்கு எழுதிய மறுமொழியில் தாய் என்னும் விளியோ மகன் என்னும் உறவோ அவர் காட்டவில்லை.

அதன்பின் இழப்புகள் தொடர்ந்தன. 1900 இல் மூத்த மகன் நாகசாமி இறந்தார். திருச்சுழி வீடு கடனுக்காக விற்கப்பட்டது. நெல்லையப்பையர் மறைவுக்குப்பின் அவர் குடும்பமும் நலிந்தது. 1915 இல் நாகசுந்தரத்தின் மனைவி கைக்குழந்தை ஒன்றை விட்டு இறந்தார். அக்குழந்தையை அத்தை அலமேலு எடுத்து வளர்த்தார். இவற்றையெல்லாம் வரலாற்று நூல்கள் அழகம்மாள் உலகப்பற்றை விடுவதற்கு வழிவகுத்த நிகழ்ச்சிகள் என்று ஒரே மூச்சில் எண்ணிச் செல்கின்றன. அவ்வாறு எண்ணுவது பிற்காலத்தின் பார்வை. அவர் வாழ்ந்த காலத்தில் அவை வீடு, ஆதரவு, சோறு ஆகியவற்றின் இழப்புகளே.

நீடித்த காய்ச்சலும் அதன் பேணலும்

1914 இல் டைபாய்டுக்கு மருந்து இல்லை. அந்நோயை இரத்தச் சோதனையால் அறியும் முறையைப் பிரான்சு நாட்டு மருத்துவர் விடால் 1896 இல், அதாவது வேங்கடராமன் வீட்டை விட்டுச் சென்ற அதே ஆண்டில், வெளியிட்டார். தடுப்பூசியும் ஏறத்தாழ அக்காலத்தில் உருவாயிற்று. ஆனால் நோய் கண்டபின் அதனைத் தீர்க்கும் குளோராம்பெனிக்கால் என்னும் மருந்து பயனுக்கு வர 1940 களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே ஆங்கில மருத்துவம் அறிந்த வீட்டிலும் அறியாத வீட்டிலும் டைபாய்டு என்றால் காத்திருத்தலே மருத்துவம். காய்ச்சல் முதல் வாரத்தில் படிப்படியாக ஏறும், இரண்டாம் வாரத்தில் இறங்காமல் நிலைத்து நிற்கும், அறிவு மயங்கும். மூன்றாம் வாரம் உயிருக்குக் கண்டம். குடற்புண் உடைந்து குருதி ஒழுகுவதும் குடல் துளைபடுவதும் அப்போதுதான் நேரும். அதைக் கடந்தவர் மெல்லத் தேறுவர்.

தமிழ் மருத்துவ மரபு சுரத்தை 64 வகையாகப் பகுக்கிறது. மூன்று தோடங்களும் ஒருங்கே கெட்டு எழும் சுரத்தில் அறிவு மயங்கிப் பிதற்றுவதைச் சன்னி என்னும் சொல் குறித்தது. மக்கள் வழக்கில் சன்னி கண்டுவிட்டது என்பது நம்பிக்கை குறைந்துவிட்டது என்பதற்கு ஒப்பானது. இத்தகைய காய்ச்சலில் வீட்டார் செய்யக்கூடியவை சிலவே. முதலில் இலங்கணம், அதாவது பட்டினியிடுதல். பின்னர் நொய்க்கஞ்சி, கஞ்சித்தெளிவு, சீரகம் இட்டுக் காய்ச்சிய நீர், நிலவேம்பு முதலிய கசப்புச் சரக்குகளின் குடிநீர். நெற்றியிலும் உடலிலும் ஈரத்துணி ஒற்றுதல். இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருத்தல். இவற்றுள் மிகக் கடினமானது கடைசியிற் சொன்னது. டைபாய்டுக்கு நெடும்பட்டினி பொருந்தாது என்பதும், நீரும் நீர்த்த உணவும் இடைவிடாது செல்ல வேண்டும் என்பதும், காய்ச்சல் விட்டதும் பசிக்கிறதே என்று கெட்டி உணவு கொடுப்பது குடற்புண்ணுக்குக் கேடு என்பதும் பட்டறிந்த செவிலியர் அறிந்தவை. குழந்தைகளிடம் இவையனைத்தும் இன்னும் நுண்மையாகக் கவனிக்க வேண்டியவை. சிறிய உடல் விரைவில் நீர்வற்றும். காய்ச்சல் ஏறும் வேகத்தில் வலிப்புக் காணும். எங்கு நோகிறது என்று சொல்லத் தெரியாது. அதனாற்றான் தமிழ் மருத்துவத்தில் பிள்ளைப்பிணிக்கெனப் பாலவாகடம் என்னும் தனித்துறை வளர்ந்தது. அங்கும் மருத்துவருக்குக் குறி சொல்பவர் பெரும்பாலும் தாயே. எப்போது சூடு ஏறியது, எத்தனை முறை நீர் இறங்கியது, கண் எப்படிச் செருகியது என்பவற்றையெல்லாம் இரவு முழுதும் விழித்திருந்தவரே சொல்ல இயலும்.

இவ்விழிப்பு தாய்க்குரிய தொழில் என்பதனாலேயே 1914 ஆம் ஆண்டு நிகழ்ச்சி தலைகீழாகத் தோன்றுகிறது. அழகம்மாள் நான்கு மக்களை வளர்த்தவர். பிள்ளைகளின் காய்ச்சலுக்குக் கண்விழித்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் படுக்கையில், விழித்திருப்பவர் மகன். அம்மகனோ உடலைத் தான் அல்லவென்று துறந்தவர். திருவண்ணாமலைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் பாதாளலிங்கக் குழியில் பூச்சிகள் தம் உடலை அரித்ததையும் அறியாதிருந்தவர். தம் உடலைப் பேணாத ஒருவர் பிறிதோர் உடலின் சூட்டை நாழிகைதோறும் கவனிப்பவரானார். திருவண்ணாமலைக்கு நோய் புதிதன்று. 1905 இல் ஊரில் பிளேக்கு பரவியபோது அவரும் உடனிருந்தோரும் குகையை நீங்கிச் சில மாதம் பச்சையம்மன் கோயிலில் தங்கினர். ஆனால் அது ஊர் முழுவதற்குமான நோய். இது ஒருவரின் நோய், அவ்வொருவர் தாய்.

சுரம் தீர்க்கும் பாட்டு: மரபும் விலகலும்

நோய் தீரப் பாடுதல் தமிழ்ப் பக்தி மரபின் பழைய நெறிகளுள் ஒன்று. சேக்கிழார் கூறும் திருஞானசம்பந்தர் வரலாற்றில் மூன்று நிகழ்ச்சிகள் இங்கு நினைக்கத்தக்கன. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் என்னும் தலைவன் தன் மகளுக்குற்ற முயலகன் என்னும் நோய் எம்மருந்தாலும் தீராமையால் அவளைக் கோயிலில் இறைவன் திருமுன்னே கிடத்திவிட்டு நிற்கிறான். சம்பந்தர் பாட அவள் எழுகிறாள். முயலகனை வலிப்பு நோயாகக் கொள்வர். திருக்கொடிமாடச் செங்குன்றூரில் பனிக்காலத்துக் குளிர்சுரம் அடியார்களைப் பற்றியபோது திருநீலகண்டப் பதிகம் பாடப்படுகிறது. மதுரையில் பாண்டியனுக்குற்ற வெப்புநோய் திருநீற்றுப் பதிகத்தால் தணிகிறது. முதலாவதில் குழந்தை, இரண்டாவதில் கூட்டம், மூன்றாவதில் அரசன். பாடுபவர் மூன்றிடத்தும் ஒரு சிறுவரே.

இரமணர் செய்யுள்களை இம்மரபின் தொடர்ச்சி என்று கூறிவிடுவது எளிது. பெரியபுராணம் அவர் இளமையில் மதுரையில் படித்து உருகிய நூல் என்பதும் அதற்கு அரண் செய்யும். ஆயினும் வேறுபாடுகள் மிகுதி. சம்பந்தர் பதிகங்களின் இறுதியில் திருக்கடைக்காப்பு வந்து ஓதுவார் பெறும் பயன் கூறும்; அதனால் ஒருவர்க்காகப் பாடிய பாட்டு எல்லார்க்கும் மருந்தாகிறது. இன்றும் காய்ச்சல் கண்ட குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து திருநீற்றுப் பதிகம் ஓதும் இல்லங்கள் உள்ளன. இரமணரின் நான்கு செய்யுள்களிலும் பயன் கூறல் இல்லை. அவை ஒரு தாயின் ஒரு காய்ச்சலுக்குரியவை. மேலும், சம்பந்தர் நோயாளியின் உறவினர் அல்லர். மழவன் கதையில் தந்தை குழந்தையை இறைவன்முன் கிடத்துகிறான், பாடுபவர் வேறொருவர். இங்குக் கிடத்துபவரும் பாடுபவரும் ஒருவரே. கிடத்தப்பட்டவர் பெற்ற தாய்.

செய்யுள்களின் பொருளோட்டத்தை நோக்குதல் வேண்டும். முதற் செய்யுள் பிறவிப் பிணியை நீக்க மலையாக எழுந்தவனை விளித்து, தாயின் வெப்பத்தை ஆற்றுவது அவன் பொறுப்பு என்கிறது. இரண்டாவது காலனுக்குக் காலனானவனைத் தாயின் உள்ளத் தாமரையில் தன் அடிகளைக் காட்டி அவளைச் சாவினின்று காக்க வேண்டுகிறது. வேண்டிய மூச்சிலேயே, ஆராய்ந்தால் சாவு என்பதுதான் யாது என்று வினவுகிறது. மூன்றாவது ஞானத்தீயாக ஓங்கி நிற்கும் அருணாசலத்தைத் தாயைத் தன் ஒளிக்குள் அணைத்துத் தானாக்கிக்கொள்ளுமாறு கேட்டு, அதன்பின் உடலைச் சுடவும் வேண்டுமோ என்கிறது. நான்காவது மாயையை அகற்றுபவன் தாயின் மயக்கத்தை அகற்றத் தாழ்ப்பது ஏன் என்று கேட்டு, அடைந்தவரை வினையின் கொடுமையினின்று தாயாக இருந்து காப்பவர் அவனையன்றி யார் என்று முடிகிறது.

ஒவ்வொரு செய்யுளிலும் படுக்கையருகே கண்ட ஒரு குறி உள்ளது. முதலாவதில் சூடு, இரண்டாவதில் உயிர்க்கண்டம், மூன்றாவதில் ஈமத்தீ, நான்காவதில் சன்னி மயக்கம். இவ்வரிசை காய்ச்சல் முற்றுகின்ற முறையையே பெரிதும் ஒத்தது. மயக்கம் மட்டும் இறுதிக்கு வந்தது ஏன் என்றால், அச்சொற்பொருளே நோய்க்கும் மெய்ந்நூலுக்கும் பொதுவாக நிற்கிறது. பிதற்றும் தாயின் மயக்கமும் உலகை மெய்யென்று கொள்ளும் உயிரின் மயக்கமும் ஒன்றாகிவிடுகின்றன. மருத்துவக் குறியையும் தத்துவப் பொருளையும் ஒரே சொல்லில் ஏற்றும் இந்நெறி அவரது அப்பளப் பாட்டிலும் உண்டு. அம்மையார் அப்பளம் இடக் கைகொடுக்குமாறு கேட்டபோது, உளுந்தையும் பிரண்டையையும் உலக்கையையும் ஞானநெறியின் உறுப்புகளாக்கி அவர் பாடியது அது. சமையலறை, காய்ச்சல் படுக்கை ஆகிய இரண்டும் தாய் இருக்கும் இடங்கள். இரமணர் தாயை முன்னிட்டுப் பாடியவை இவ்விரண்டு இடங்களையும் விட்டு நகரவில்லை.

மற்றொன்று, திருவண்ணாமலை ஐம்பூதத் தலங்களுள் தீயின் தலம். வெப்பு நோயைத் தணிக்க நீர்த்தலத்தையோ தண்மை பொருந்திய தெய்வத்தையோ வேண்டுவது இயல்பு. வெப்பு நோய்க்கு மாரியம்மனைக் குளிர்விக்கும் ஊர்வழக்கும் அத்தகையது. இங்கோ தீயுருவான மலையிடமே சூட்டை ஆற்றும்படி கேட்கப்படுகிறது. மூன்றாம் செய்யுள் அம்முரணை வெளிப்படுத்தி அவிழ்த்துவிடுகிறது. தணிக்க வேண்டுவதற்கு மாறாக, இன்னும் பெரிய தீயுள் ஒடுங்க வேண்டுவதாக வேண்டுதல் மாறிவிடுகிறது. காய்ச்சல் தீரட்டும் என்று தொடங்கிய பாட்டு, காய்ச்சல் தீராவிடினும் கேடில்லை என்னும் இடத்திற்கு வந்துவிட்டது.

அவ்வாறாயின் 1898 இல் எழுதிக் கொடுத்த விடையும் 1914 இல் பாடிய வேண்டுதலும் எவ்வாறு பொருந்தும்? நடப்பது தடுத்தாலும் நில்லாது என்றவர் சாவைத் தடுக்குமாறு கேட்கலாமோ? உரையாசிரியர் சிலர் இதனை முரணே அன்று என்பர். ஞானியின் வேண்டுதலும் ஊழின் பகுதியே என்பர். அது தருக்கத்திற்குப் பொருந்தும். பாட்டின் ஓசை அதற்கு முழுதும் உடன்படவில்லை. நான்காம் செய்யுளின் ஏன் தாழ்க்கிறாய் என்னும் வினாவில் தவிப்பு இருக்கிறது. வாரக்கணக்கில் கண்விழித்தவரின் அவசரம் இருக்கிறது. தாளில் எழுதியவர் பத்தொன்பது வயதினர், வந்தவரைத் திருப்பி அனுப்ப எழுதினார். பாடியவர் முப்பத்தைந்தை நெருங்கியவர், வந்தவரைப் போகவிடாமல் காக்கப் பாடினார். இவ்விரண்டையும் ஒரே கோட்பாட்டுள் அடக்க முற்படுவதைக் காட்டிலும், தாயும் மகனும் கடந்துவந்த தொலைவு எவ்வளவு என்பதற்கான அளவைகளாகக் கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

தேறியபின்

காய்ச்சல் நீங்கிய அழகம்மாள் மானாமதுரைக்குத் திரும்பினார். இரண்டாண்டு கழித்து, 1916 இல், மகனோடு வாழ்நாளைக் கழிக்கும் முடிவுடன் மீண்டும் திருவண்ணாமலைக்கு வந்தார். முதலில் எச்சம்மாளிடம் சிறிது காலம் தங்கினார். கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, நாள்தோறும் மலைக்கு உணவு சுமந்து கொண்டுவந்த எச்சம்மாளும் அழகம்மாளும் ஒரு கூரையின்கீழ் இருந்த அந்நாள்களில் என்ன பேசிக்கொண்டிருப்பர் என்று கற்பனை செய்யத் தூண்டும். வரலாற்றெழுத்துக்கு அது புறம்பு. துறவியர் வாழும் இடத்தில் பெண்கள் தங்கலாகாது என்று அடியார் சிலர் தடுத்தனர். இரமணர் எழுந்து தாயின் கையைப் பற்றிக்கொண்டு, இங்கில்லையேல் வேறெங்கேனும் செல்வோம் என்னும் குறிப்புடன் புறப்பட முனைந்தார்; தடுத்தவர் பணிந்தனர். 1898 இல் கடிதத்தால் விலக்கிய கையும் 1916 இல் தாயின் கையைப் பிடித்த கையும் ஒன்றே.

விரூபாட்ச குகை சிறிது. கோடையில் அங்கு நீரும் கிடையாது. ஆகவே சற்று மேலேயுள்ள கந்தாசிரமத்திற்கு அனைவரும் குடிபெயர்ந்தனர். அதுவரை ஊரார் தந்ததையும் பிச்சையேற்றதையும் பகிர்ந்துண்டு வந்த இடத்தில் அழகம்மாள் அடுப்பு மூட்டினார். பிற்காலத்து இரமணாசிரமச் சமையலறையின் தோற்றம் அவ்வடுப்பே. ஆசாரம் மிக்க அம்மையார் வெங்காயம், முருங்கைக்காய் முதலியவற்றை விலக்கிவந்ததை மகன் எள்ளி நகையாடி நெகிழ்த்தினார். தாய் என்னும் தனிச்சலுகை எதனையும் அவர் காட்டவில்லை. சில வேளைகளில் தாய் பேசியும் விடை சொல்லாதிருந்தார். அம்மையார் வருந்தியபோது எல்லாப் பெண்களும் தமக்குத் தாயரே என்று உணர்த்தினார். கையைப் பிடித்து அழைத்து வந்தவர் இவ்வாறு நடந்ததைப் பயிற்சி என்றே நூல்கள் கொள்ளும். அம்மையார் வெண்புடைவையை நீக்கிக் காவி உடுத்தார். இளைய மகன் நாகசுந்தரமும் வந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆனார்.

1920 முதல் அம்மையாரின் உடல் மெலிந்தது. மீண்டும் படுக்கை, மீண்டும் மகனின் கண்விழிப்பு. இம்முறை பாட்டு எழவில்லை. 1922 மே 19 அன்று காலை முதல் இரவு ஏறத்தாழ எட்டு மணிவரை இரமணர் வலக்கையைத் தாயின் நெஞ்சிலும் இடக்கையைத் தலையிலும் வைத்து அருகில் அமர்ந்திருந்தார். எஞ்சியிருந்த வாசனைகள் ஒவ்வொன்றாய் எழுந்து நெஞ்சத்தில் ஒடுங்கியதாக அவர் பின்னர் விளக்கினார். தம்மை நெடுங்காலம் பேணிய பழனிசாமிக்கும் அவர் இறுதியில் அவ்வாறே செய்திருந்தார். அங்கு நிறைவேறாதது இங்கு நிறைவேறிற்று என்பது அவர் கருத்து. உயிர் பிரிந்ததும் எழுந்து, தீட்டு எதுவும் இல்லை, உணவு கொள்ளலாம் என்றார். அன்றிரவு திருவாசகம் ஓதப்பட்டது.

உடலை என் செய்வது என்னும் வினா எழுந்தது. அந்தணக் குலத்துக் கைம்பெண்ணின் உடலைச் சுடுவதே வழக்கு. முற்றுணர்ந்தோர் உடலைச் சுடாமல் அடக்கம் செய்யும் நெறியைத் திருமந்திரம் சமாதிக் கிரியை என்னும் பகுதியில் விரிக்கிறது. ஆனால் அது பெண்ணுக்கும் பொருந்துமா என்பது அன்று ஐயத்திற்கு இடமானதே. 1917 இல் காவ்யகண்ட கணபதி முனிவரின் மனைவி விசாலாட்சியம்மையார் சார்பில் இவ்வினா இரமணரிடம் எழுப்பப்பட்டு, முத்தி பெற்ற பெண்ணின் உடலும் சுடத்தக்கதன்று என்னும் விடை கிடைத்திருந்தது. இரமண கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயம் அதனைப் பதிவு செய்துள்ளது. அவ்விடையே 1922 இல் வழிகாட்டியது. இரமண கீதையே இதன் முதற்சான்று என்பது பொதுவான கருத்து. அதற்கும் மூன்றாண்டு முன்னரே, காய்ச்சல் படுக்கையில் கிடந்த தாயைக் குறித்து, உன்னுள் ஒடுக்கிக்கொண்டபின் சுடவும் வேண்டுமோ என்று மூன்றாம் செய்யுள் கேட்டிருப்பதை ஆய்வாளர் போதிய அளவு கருதவில்லை. பாட்டில் அணியாக நின்ற வினா எட்டாண்டு கழித்து ஒரு சடங்கின் முடிவாயிற்று. பெண்ணுக்கும் சமாதி உண்டு என்னும் கொள்கை அறிஞர் அவையில் எழுப்பிய வினாவில் தொடங்கவில்லை. நோயுற்ற தாயின் அருகே தொடங்கியது.

மறுநாள் விடியலில் மலையின் தென்னடிவாரத்தில் பாலிதீர்த்தத்தின் அருகே அழகம்மாள் அடக்கம் செய்யப்பட்டார். அதன்மேல் நிறுவிய இலிங்கத்திற்கு மாத்ருபூதேசுவரர் என்று பெயரிடப்பட்டது. தாயாக ஆன இறைவன் என்பது பொருள்; பேறுகாலத்தில் வர இயலாத தாயின் உருவில் வந்து மகளைப் பேணியதாகத் திருச்சிராப்பள்ளித் தலபுராணம் கூறும் தாயுமானவர்க்கும் வடமொழிப் பெயர் அதுவே. அடைந்தவரைத் தாயாக இருந்து காப்பவர் வேறு யார் என்று 1914 இல் நான்காம் செய்யுள் கேட்ட கேள்வியின் சொற்பொருளும் அதுவே. அவ்வாண்டு டிசம்பரில் இரமணர் மலையிலிருந்து இறங்கி அச்சமாதியருகே தங்கினார். அதைச் சுற்றியே இரமணாசிரமம் வளர்ந்தது. மாத்ருபூதேசுவரர் கோயிலின் குடமுழுக்கு 1949 மார்ச்சு 17 அன்று நடைபெற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 இல் இரமணர் மறைந்தார். தாயின் கோயிலை ஒட்டியே அவர் உடலும் அடக்கம் செய்யப்பட்டது.